லேகியமா, ஹார்மோன் மாத்திரையா? முதலில் அந்த மூன்று நாள் விஷயம்

பாம்பன் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 49. கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவர். கணவருக்கும் கடல் தொழில்தான். மகள் நர்சிங் படிக்கிறாள். மாதவிலக்கு நின்று பதினான்கு மாதம் ஆகிறது. நிற்பதற்குச் சில மாதம் முன்பே தொல்லை ஆரம்பித்துவிட்டது. “நெஞ்சுலேர்ந்து குப்புன்னு சூடு ஏறி காதுமடல் வரைக்கும் எரியுது டாக்டரம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, ஈரத்துண்டைக் கழுத்துல சுத்திக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கேன். தண்ணிக்குள்ள முங்கிப் பாசி பறிக்கையில ஒண்ணும் தெரியல. கரைக்கு வந்து சாக்குல அமுக்கும்போது மறுபடி ஆரம்பிச்சிருது” என்கிறார். தூக்கம் போய்விட்டது, எல்லார் மேலும் எரிந்து விழுகிறார், மூட்டு வலிக்கிறது. போன எட்டு மாதமாக பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறார்.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மகள் போனில் எதையோ படித்துவிட்டு, “அதைத் தொட்டா மார்புல புற்றுநோய் வரும், வேணாம்மா” என்று தடுத்துவிட்டாள். இவருடைய பெரியம்மா அதே நோயில் 66 வயதில் இறந்தவர் என்பதால் பயம் இரட்டிப்பாகியிருக்கிறது. அப்புறம் மதினி ஒரு லேகியம் வாங்கி வந்திருக்கிறார். டப்பாவில் தாமரைப்பூ படம் மட்டும்தான் உண்டாம், வேறு எழுத்தே கிடையாது. நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார், சூடு பாதியாகக் குறைந்திருக்கிறது என்கிறார்.

நான்கு பக்கக் கடிதத்தின் கடைசியில், மடித்த இடத்துக்குக் கீழே, இப்படி ஒரு வரி: “போன மாசம் மூணு நாள் லேசா தீட்டுப் பட்டுச்சு. லேகியம் வேலை செய்யுது, உடம்பு இளமைக்குத் திரும்புதுன்னு மதினி சொல்றாங்க. கெட்ட ரத்தம் வெளியேறுனா நல்லதுதானே?”

கேள்வி இதுதான்: லேகியத்தைத் தொடர்வதா, மாத்திரைக்கு மாறுவதா, இல்லை பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோல் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதா?

சகோதரி, உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நின்ற பிறகு வந்த உதிரம்

மாதவிலக்கு நின்று முழுசாக ஒரு வருடம் கடந்துவிட்டால் அதைத்தான் நாங்கள் மெனோபாஸ் என்கிறோம். நீங்கள் அதைத் தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், மூன்று நாள் பட்டாலும், லேசாகப் பட்டாலும், அதற்குக் காரணம் என்னவென்று பார்த்தே ஆக வேண்டும். இளமை திரும்புகிறது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. கெட்ட ரத்தம் என்று ஒன்று உள்ளே தேங்கி நிற்பதும் இல்லை. மாதாமாதம் வெளியேறியது கர்ப்பப்பையின் உள்தோல். சினைப்பை ஹார்மோன் சுரப்பதைக் குறைத்ததும் அந்தத் தோல் வளர்வது நின்றுவிடுகிறது. வளராததால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ரத்தம் வருகிறது என்றால், அந்தத் தோலை ஏதோ ஒன்று வளர வைத்திருக்கலாம். அல்லது அது மெலிந்து உரசி ரத்தம் கசிந்திருக்கலாம். சின்னதாக ஒரு சதை வளர்ச்சியும் இருக்கலாம்.

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படி வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அந்த ஒருவர் யார் என்பது பார்க்காமல் தெரியாது. கர்ப்பப்பைப் புற்று ஆரம்பத்திலேயே ரத்தம் காட்டிக் கொடுத்துவிடுகிற நோய் என்பதால், சீக்கிரம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முழுசாகவே குணமாகிவிடுகிறது. இதைச் சாதாரணம் என்று விட்டுவிட்டு ஒரு வருடம் கழித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் “சூடு அதிகமாயிடுச்சு, அதான்” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. உள்வழியாக ஒரு ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பை உள்தோலின் கனத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. அதற்கு மேல் இருந்தால், மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுக் கொஞ்சம் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இதைத்தான் பயாப்ஸி என்பார்கள். மாதவிலக்கு வலி மாதிரி சில நிமிடம் இழுத்துப் பிடிக்கும், அன்றே வீட்டுக்குப் போகலாம். அதே சமயத்தில் கர்ப்பப்பை வாயையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கே போகலாம். “மெனோபாஸுக்குப் பிறகு ரத்தம் வந்தது” என்று சீட்டுப் போடும் இடத்திலேயே சொல்லுங்கள். “சூடு, தூக்கமில்லை” என்று தொடங்கினால் சத்து மாத்திரையோடு திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

காரணம் தெரியும்வரை லேகியமும் வேண்டாம், ஹார்மோனும் வேண்டாம். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போது ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. மாத்திரை எழுதிய டாக்டருக்கு இந்த மூன்று நாள் விஷயம் தெரியாது. நீங்கள் அவரைப் பார்த்தபோது அது நடக்கவே இல்லையே.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது

மூளைக்குள் உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்கிற ஒரு சிறு பகுதி உண்டு. சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது அது அளவுக்கு மீறி உஷாராகிவிடுகிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது உங்களுக்குப் பழகிய காட்சி. சின்னக் கச்சான் காற்றுக்கே 7-ம் எண் கூண்டு ஏற்றினால் எப்படி இருக்கும்? உங்கள் மூளை இப்போது அதைத்தான் செய்கிறது. உடம்பு வெப்பம் இம்மி கூடினாலும், “ஐயோ, கொதிக்கிறது” என்று ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு வியர்வையைக் கொட்டுகிறது. கடலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போவதற்கும் கரை ஏறியதும் ஆரம்பிப்பதற்கும் இதுதான் காரணம். “சூட்டு உடம்பு” என்று எண்ணெய்க் குளியலையும் இளநீரையும் கூட்டினால் அப்போதைக்கு இதமாக இருக்கும். தப்பில்லை. ஆனால் மூலக் காரணம் வயிற்றிலோ ரத்தத்திலோ இல்லை.

இது எத்தனை நாள் நீடிக்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாக ஏழு வருடம் வரை போகிறது. “ரெண்டு மாசத்துல சரியாயிடும், பொறுத்துக்கோ” என்று சொல்வது ஆறுதலுக்குத்தான் உதவும்.

இன்னொரு சங்கதி. அம்லோடிபின் மாத்திரைக்கே முகம் சிவந்து சூடாகிற பக்கவிளைவு சிலருக்கு உண்டு. எட்டு மாதமாகச் சூடு கூடியிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும், மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம் ஆவதும் ஒத்துப் போகிறது. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பிரஷர் ஏறினால் அது பெரிய ஆபத்து. மாத்திரை எழுதியவரிடம் “வேறு மருந்து மாற்றிப் பார்க்கலாமா” என்று கேளுங்கள். தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் சர்க்கரைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். தைராய்டு அதிகமானாலும் இதே வியர்வை, இதே படபடப்பு, இதே தூக்கமின்மை. ஹார்மோன் அளவு பார்க்கிறேன் என்று யாராவது பெரிய பட்டியல் எழுதினால், உங்கள் வயதில் அது தேவையில்லை.

மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லையா?

லேகியத்தால் சூடு பாதியாகக் குறைந்தது என்று நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, மதினியும் ஏமாற்றவில்லை. ஆனால் இதைக் கேளுங்கள். இந்தச் சூட்டுக்கான மருந்துகளைச் சோதிக்கும்போது, ஒரு பிரிவுப் பெண்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையைக் கொடுப்பார்கள். எது யாருக்கு என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அந்த மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே ஏறக்குறைய பாதிச் சூடு குறைந்துவிடுகிறது, அதுவும் ஆய்வுக்கு ஆய்வு. நம்பிக்கையும் கொஞ்சம், நாளாக நாளாகத் தானே குறைவதும் கொஞ்சம். ஆகவே “பாதி குறைந்தது” என்பதை வைத்து எந்த மருந்துக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையோ அந்த மாவு மாத்திரையைவிடவும் முக்கால் பங்கு கூடுதலாகச் சூட்டைக் குறைத்துக் காட்டியிருக்கிறது.

தனித்தனி மூலிகையாகப் பார்த்தால் கதை வேறு வேறு. தண்ணீர்விட்டான் கிழங்கு பற்றிச் சிறு ஆய்வுகள்தான் உண்டு, முடிவாக எதையும் சொல்ல அவை போதாது. ஆளிவிதையை முறையாகச் சோதித்ததில் சூட்டுக்குப் பலன் தெரியவில்லை. உணவாகச் சாப்பிடலாம், மலச்சிக்கலுக்கு நல்லது. சோயாவைச் சாப்பாட்டில் சேர்ப்பதில் கெடுதல் இல்லை, கேப்சூலுக்குக் காசு கொட்டுவதற்கு ஆதாரம் அரைகுறை. அமுக்கராவை (அஸ்வகந்தா) மட்டும் ஜாக்கிரதையாகப் பாருங்கள். சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, தைராய்டு அளவையும் கூட்டக்கூடும். இணையத்தில் விற்கிற பிளாக் கோஹோஷ் என்ற வெளிநாட்டு மூலிகை கேப்சூலும் கல்லீரல் விஷயத்தில் அப்படியே.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும் மருந்தே இல்லை, சாப்பாடு. தாராளமாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால் கருப்பட்டியை மட்டும் குறையுங்கள். பனையிலிருந்து வந்தாலும் அது இனிப்புதான்.

உங்கள் டப்பாவுக்கு வருகிறேன். என்னுடைய வருத்தம் மூலிகை மேல் இல்லை, அந்த எழுத்தில்லாத டப்பா மேல்தான். சித்த மருந்து விற்க வேண்டும் என்றால் லேபிளில் தயாரித்தவர் பெயர், உரிம எண், சேர்ந்திருக்கும் சரக்குகள், தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். தாமரைப்பூ படம் போதாது. எழுதாத டப்பாவுக்குள் என்ன கலந்திருந்தாலும் கேட்க ஆளில்லை. 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். அதில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. நம் ஊரில் மூட்டுவலி லேகியம் என்று விற்கிற சிலவற்றில் ஸ்டீராய்டு கலப்பதும் எங்களுக்குப் பழைய செய்தி. உங்கள் லேகியத்தில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்கிற ஏதாவது இருந்தால், கர்ப்பப்பைத் தோல் வளர்ந்து ரத்தம் வருவதற்கு அதுவே காரணமாகலாம்.

அதனால் இன்றே நிறுத்துங்கள். தூக்கி எறிய வேண்டாம். மீதியை அப்படியே மூடி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். மதினியிடம் சண்டை போட வேண்டாம். அவர் உங்கள் மேல் உள்ள பாசத்தில்தானே வாங்கி வந்தார்? சித்த மருத்துவம் வேண்டும் என்று பிறகும் நினைத்தால், அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர் இருக்கிறார். அவரிடம் உங்கள் பிரஷர் மாத்திரை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் காட்டி வாங்குங்கள்.

மகள் படித்த செய்தி

உங்கள் மகள் படித்தது பொய் இல்லை, பாதி. 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல் வேலை செய்கிற மருந்து) சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்று கூடியது என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. எவ்வளவு கூடியது என்பது அந்தத் தலைப்புகளில் காணாமல் போனது: 10,000 பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால், வழக்கமாக 30 பேருக்கு வருவது 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல். பக்கவாதத்திலும் எட்டு. இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைந்தது. அந்த ஆய்வுக்கு வந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும், கொடுத்தது பழைய வகை மாத்திரை என்பதும் முக்கியம்.

அந்த எட்டுப் பேரை நான் சின்ன விஷயமாக ஒதுக்கவில்லை. ஆனால் 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற 10 வருடத்துக்குள், சூடு தாங்க முடியாமல் இருக்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்று பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. பெரியம்மா 66 வயதில் அந்த நோயில் இறந்தது உங்களுக்குக் கதவை அடைத்துவிடாது. அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இளம் வயதில் வந்திருந்தால் கணக்கு வேறு. உங்களுக்கே வந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தவர்கள், மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் கூடாது.

பரிசோதனை எல்லாம் சரியாக வந்து, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எடுத்து, பிரஷரும் கட்டுக்குள் இருந்தால், உங்கள் டாக்டரிடம் இவற்றைப் பேசுங்கள்:

கர்ப்பப்பை இருக்கிற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது. உள்தோல் வளர்ந்துகொண்டே போய்ப் புற்றாகலாம். கூடவே புரோஜெஸ்டிரோன் வேண்டும். உங்கள் சீட்டில் இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். மாத்திரையின் நிறம் மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள், பெயரைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை, மரியாதைக் குறைவு இல்லை.

பிரஷர் உள்ளவர்களுக்கு நான் விழுங்கும் மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லையே விரும்புவேன். ரத்தம் உறையும் ஆபத்து அதில் குறைவு. ஜெல் தடவியதும் கடலில் இறங்கிவிட்டால் போய்விடும் என்பதால், பாசி எடுத்து வந்து குளித்துக் காய்ந்த பிறகு, அல்லது இரவில் தடவலாம். இரவில் சாப்பிடுகிற புரோஜெஸ்டிரோன் கேப்சூலுக்குத் தூக்கம் வரவழைக்கிற குணமும் உண்டு.

ஹார்மோனுக்கு மனம் ஒப்பவே இல்லையா? சரி. வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்ற வேறு வகை மாத்திரைகளும் சூட்டைக் குறைக்கும், ஹார்மோன் அளவுக்கு இல்லை. வென்லாஃபாக்சின் சிலருக்குப் பிரஷரைக் கூட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதை ஆரம்பித்தாலும் மூன்று மாதத்தில் ஒரு தடவை, பிறகு வருடம் ஒரு தடவை போய்க் காட்டுங்கள். “ஆயுசுக்கும் சாப்பிடணுமா” என்று பயப்பட வேண்டாம், தேவை தீர்ந்ததும் நிறுத்தலாம். உங்கள் ஸ்கேன், பயாப்ஸி அறிக்கைகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. வாங்கி ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால்?

சூடு போகாது. சூட்டுக்கும் கர்ப்பப்பைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கூடவே சினைப்பையையும் எடுத்துவிட்டால் இன்னும் மோசமாகக்கூட ஆகலாம். பயாப்ஸியில் எடுத்தே ஆக வேண்டிய காரணம் தெரிந்தால் எடுக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எடுத்தார்கள் என்பது காரணம் இல்லை.

கடிதத்தில் எழுதிவிட்டு மசியால் அடித்த ஒன்று

“வீட்டுக்காரரோட சேர முடியல, எரியுது” என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அடிக்க வேண்டியதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டுபோகிறது. சிறுநீர் கழிக்கும்போது எரிவதும் அடிக்கடி வருவதும் அதனால்தான். அங்கே மட்டும் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு, உடம்பில் கலப்பது மிகக் கொஞ்சம், நல்ல பலன். அதுவும் ரத்தத்துக்குக் காரணம் தெரிந்த பிறகே. இப்போதைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். அப்புறம், கடலில் நான்கு மணி நேரம் சிறுநீரை அடக்காதீர்கள், தண்ணீர் குடிக்காமலும் இருக்காதீர்கள். பாசி எடுக்கிற பெண்கள் இரண்டையும் செய்கிறார்கள். கரையில் ஒதுங்க இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எலும்புக்கு நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், கேழ்வரகு, எள் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவாட்டைப் பிரஷருக்காகக் குறைக்க வேண்டும், அது உங்களுக்குக் கஷ்டம்தான்.

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பன்னிரண்டு நாள் தொடங்கும் முன் ஸ்கேனை முடித்துவிடுங்கள். பயாப்ஸி எடுத்தால் ரத்தக் கசிவு முழுசாக நிற்கும்வரை கடலில் இறங்க வேண்டாம். போகும்போது ஒரு பையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: அந்த டப்பா, பிரஷர் மாத்திரை அட்டை, டாக்டர் எழுதிய சீட்டு, தீட்டுப் பட்ட மூன்று தேதிகள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நர்சிங் படிக்கிற பெண், ரிப்போர்ட்டை அவளே படித்துச் சொல்லட்டும்.